மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் செருகுகிறது, எடையும் ஏறுகிறது. சோற்றை விடத்தான் வேண்டுமா?

உவர்மலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றுகிறேன். கடந்த ஆறு ஆண்டுகளில் என் எடை 58 கிலோவிலிருந்து 69 கிலோவாகிவிட்டது. உயரம் 157 சென்ரிமீற்றர். சென்ற மாதம் வெறுவயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 112 என்று வந்தது. நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் அதன் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்று கூறிய மருத்துவர், மாத்திரை எதுவும் எழுதாமல், உணவைச் சரிசெய்துகொண்டு மூன்று மாதங்களில் வருமாறு சொன்னார். எப்படிச் சரிசெய்வது என்று நான் கேட்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எடையைவிட என்னை வருத்துவது களைப்பு. காலை நாலரைக்கு எழுகிறேன். படுக்கப் பதினொரு மணியாகிவிடும். எல்லோருக்கும் சமைத்துக் கட்டிக்கொடுக்கும் அவசரத்தில் எனக்கு ஒரு பால் தேநீரும் இரண்டு துண்டுப் பாணும் சம்பலும்தான் கிடைக்கும். சில நாட்களில் தேநீர் மட்டுமே. பத்து மணிக்கு ஒரு ரோல்ஸ், மீண்டும் தேநீர். ஒரு மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, பொரித்த மீன் ஒரு துண்டு. மூன்று மணியாகும்போது கோப்பில் உள்ள எழுத்துகள் மிதக்கத் தொடங்கும். அதைத் தெளிவிக்க இன்னொரு தேநீரும் பிஸ்கற்றும். இரவு ஒன்பது மணிக்குப் புட்டோ இடியப்பமோ வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், ஏனென்றால் அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பசிக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி.

ஒருமுறை சோற்றை முற்றாக நிறுத்தி, இரவில் பழம் மட்டும் சாப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். பிறகு ஒரு கல்யாண வீட்டில் இலை போட்டதும் எல்லாம் முடிந்தது. குறைந்த இரண்டு கிலோ மூன்றாகத் திரும்பி வந்தது. சோற்றை விடாமல் இதைச் சமாளிக்க வழி உண்டா? எனக்கென்று தனியாகச் சமைக்கவும் நேரமில்லை என்பதைக் கருத்திற் கொண்டு சொல்லுங்கள்.

கடற்காற்று (உப்புவெளி)

தங்கை, நான் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். கடைசி ஆண்டுகளை நீரிழிவுக் கிளினிக்கில் கழித்தேன். உங்களைப் போலவே அன்றாட உணவை ஒப்புவித்த பெண்கள் அங்கே நூற்றுக்கணக்கில் வந்தார்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோற்றை விடவேண்டியதில்லை, தட்டில் அது பிடித்திருக்கும் இடத்தைக் குறைத்தால் போதும், ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியது, பகல் ஒரு மணிக்கு முன்னர் நீங்கள் உண்பதைக் கூட்டுவதுதான்.

எடை குறைக்க வந்தவளைக் கூடச் சாப்பிடச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து பகல் வரை உங்கள் வயிற்றுக்குள் போவதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாண், சீனி, ரோல்ஸின் மேல்மா, அதற்குள் இருக்கும் உருளைக்கிழங்கு என எல்லாமே விரைவில் குளுக்கோசாக மாறும் மாப்பொருள். புரதம் என்று சொல்லத்தக்கது தேநீரில் கரைந்த பால்மாவும் ரோல்ஸுக்குள் இருக்கும் விரல்நுனியளவு மீனும்தான். அரைத்துத் தீட்டிய மாவில் நார்ப்பொருள் மிகக் குறைவு என்பதால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. அதை இறக்க இன்சுலின் சுரக்கிறது. ஏறிய வேகத்திலேயே இறங்கும்போது சோர்வும் மறுபடி பசியும் வருகின்றன. அந்தப் பசியோடு ஒரு மணிக்குச் சோற்றுப் பெட்டியைத் திறக்கும் ஒருவர் அளவாக உண்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனிச் சோற்றுக்கு வருவோம். தேநீர்க் கோப்பையளவு சோற்றில் ஏறத்தாழ 200 கிலோகலோரியும் 45 கிராம் மாப்பொருளும் உண்டு, புரதமோ 4 கிராம் மட்டுமே. நம் பெட்டிகளில் பொதுவாக மூன்று கோப்பைக்குக் குறையாமல் இருக்கும். அமுக்கிக் கட்டுவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில் எழுதாதீர்கள், அதுவும் மாப்பொருள்தான். மரவள்ளியும் வற்றாளையும் அப்படியே. ஆக, உங்கள் பெட்டியில் மூன்று பங்கு சோறு, அதற்குத் துணையாக இன்னொரு வகைச் சோறு, தண்ணீராகக் கரைந்த பருப்பு, ஒரு துண்டு மீன். நம் வீடுகளில் கறியைச் சோற்றை இறக்குவதற்கான வழித்துணையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். பெட்டியின் பாதியைக் கீரைக்கும் காய்க்கும் கொடுங்கள். கால் பகுதியை மீன், முட்டை, கடலை, கெட்டியாகக் கடைந்த பருப்பு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். மீதிக் கால் பகுதியில் அமுக்காமல் சோற்றைப் போடுங்கள். அது ஒன்றேகால் கோப்பைக்கு மேல் வராது. உண்ணும்போது காயையும் மீனையும் பாதிவரை முடித்துவிட்டுச் சோற்றில் கைவைத்தால், அதே உணவுக்கே சர்க்கரை சற்று மெதுவாக ஏறும்.

காலைக்கு அவித்த முட்டை இரண்டு போதும். அது 12 கிராம் புரதம். அல்லது இரவே ஊறவைத்த கடலையை அவித்து, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 15 கிராம் புரதமும் 12 கிராம் நார்ப்பொருளும் கிடைக்கும். பாண் வேண்டுமென்றால் ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாம். பத்து மணி ரோல்ஸ் தானாகவே உதிர்ந்துவிடும். அதை நிறுத்துகிறேன் என்று சபதம் எடுக்க வேண்டியதில்லை.

தேநீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாளொன்றுக்குப் பத்துத் தேக்கரண்டி சீனி என்றால் ஏறக்குறைய 50 கிராம், அதாவது 200 கிலோகலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 2000 கிலோகலோரி உண்ணும் ஒருவருக்கு, சேர்க்கப்படும் சீனியின் உச்ச எல்லையே 50 கிராம். அதை 25 கிராமுக்குள் கொண்டுவந்தால் மேலும் நல்லது என்றும் அது சொல்கிறது. பிஸ்கற்றுக்கு முன்பே, தேநீரிலேயே உங்கள் பங்கு முடிந்துவிடுகிறது. ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

மூன்று மணி மயக்கத்தில் ஒரு பங்கு இயற்கையானது. நன்றாகத் தூங்கியவருக்கும் பிற்பகலில் உடல் சற்றுத் தணியும். நீங்கள் இரவில் தூங்குவது ஐந்தரை மணித்தியாலம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் மனம் தேடும். அரை மணித்தியாலமாவது முன்னால் படுக்க முடியுமா என்று பாருங்கள். அத்தோடு இரும்புச் சத்தையும் தைரொயிட்டையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்; நம் பெண்களின் களைப்புக்கு அவை காரணமாக இருப்பதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலிற் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

வயல்வெளி (தம்பலகாமம்)

மேலே எழுதிய அம்மா சொன்ன யாவும் சரி. சோறு விளைவிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கேள்வி கேட்ட சகோதரி எந்த அரிசியைச் சமைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளையாகத் தீட்டிய பச்சை அரிசியும், தவிடு முழுதாகப் போகாத புழுங்கல் சிவப்பரிசியும் ஒன்றல்ல. தவிட்டில்தான் நார்ப்பொருளும் பி வகை விற்றமின்களும் தங்கியிருக்கின்றன. அது மாப்பொருள் செரிக்கும் வேகத்தையும் தணிக்கிறது. மென்று தின்ன வேண்டியிருப்பதால் கையும் மெதுவாகவே போகும்.

ஆனால் எங்கள் ஊரிலேயே நான் பார்க்கும் ஒரு மயக்கத்தையும் சொல்லவேண்டும். சிவப்பரிசி நல்லது என்று கேள்விப்பட்டதும் முன்பு இரண்டு அகப்பை போட்டவர்கள் மூன்று போடுகிறார்கள். கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. குரக்கனுக்கும் இதே கதிதான்: மாவாக நுணுக்கி, சீனியும் தேங்காய்ப்பூவும் அள்ளிப் போட்டுப் புட்டவித்துவிட்டு, நீரிழிவுக்கு நல்ல உணவு சாப்பிட்டேன் என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை.

என் தந்தையார் விடியற்காலையில் வயலுக்குப் போகுமுன் பழஞ்சோற்றில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து உண்பார். வெந்து ஆறிய சோற்றில் மாப்பொருளின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறிவிடுகிறது என்று இப்போது சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் பழஞ்சோற்றுக்கு மாறவேண்டாம். அவர் அதை உண்டபின் பகல் வரை மண்வெட்டி பிடித்தார், நாம் கதிரையில் இருக்கிறோம்.

கிண்ணியாத் தோணி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஆசிரியை, வீட்டில் மூன்று பிள்ளைகளும் மாமியும் இருக்கிறார்கள். கால், அரை என்று பங்கு போடுவது தாளில் அழகாக இருக்கும், அடுப்படியில் நடப்பது வேறு. வீட்டில் ஆறு பேருக்கு ஒரே சட்டியில்தான் கறி. எனக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்காது என்பதை நானே அனுபவித்தேன். ஆகவே சட்டியை மாற்றுவதை விட்டுவிட்டுப் பரிமாறும் ஒழுங்கை மாற்றினேன். முன்பு மேசையின் நடுவில் சோற்றுப் பாத்திரம் இருக்கும். இப்போது அது அடுப்படியிலேயே இருக்கிறது, நடுவில் சுண்டலும் மரக்கறியும் இருக்கின்றன. இரண்டாம் முறை சோறு வேண்டுபவர் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளவேண்டும். இந்தச் சிறிய சோம்பலே எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு கிலோ அரிசியை மிச்சப்படுத்துகிறது.

மீனைப் பொரிப்பதை வாரத்தில் இரண்டு நாளாக்கினேன். மற்ற நாட்களில் புளி போட்டு அவித்த குழம்பு அல்லது தண்ணிப்பாலில் வைத்த ஆணம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கிலோகலோரி இருக்கிறது என்பதால், பொரியல் சட்டியில் ஊற்றுவதைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தேங்காய்ப்பாலை அடியோடு விடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டிப்பாலை ஒரு கறிக்கு மட்டும் வையுங்கள். சொதி, சம்பல், பருப்பு, சுண்டல் என்று நான்கிலும் தேங்காய் இருந்தால் ஒரு வேளைக்கே அரைத் தேங்காய் போய்விடும்.

நோன்பு மாதம் எனக்கு ஒரு பாடம் சொல்லித்தந்தது. விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்குச் சோற்றை நிறையச் சாப்பிட்ட நாட்களில் பத்து மணிக்கே தலை சுற்றும். முட்டையும் அவித்த பயறும் கொஞ்சச் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்ட நாட்களில் பிற்பகல் அஸர் தொழுகை வரை தாங்கும். பதினான்கு மணித்தியால நோன்புக்கு உள்ள நியாயம் உங்கள் ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் பொருந்தாமல் போகாது.

உவர்மலை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று நேற்று அளந்து பார்த்தேன், மூன்றரைக் கோப்பை! இத்தனை நாளும் கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். நாங்கள் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. கந்தசஷ்டி போன்ற விரத நாட்கள் வேறு. அந்நாட்களில் புரதத்துக்கு என்ன செய்வது? மற்றது, எத்தனை கிலோ குறைக்கவேண்டும் என்று நான் இலக்கு வைத்துக்கொள்வது? திருமணத்தின்போது இருந்த 50 கிலோவுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு தோழி சொல்கிறாள்.

கடற்காற்று (உப்புவெளி)

மரக்கறி நாளைப் பற்றி நீங்களே கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் கிளினிக்குக்கு வந்தவர்களில் பலருக்கு வெள்ளிக்கிழமையில்தான் சர்க்கரை ஏறும். மீனை எடுத்துவிட்டு அதன் இடத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டலையும் அப்பளத்தையும் வைத்தால் தட்டு முழுவதும் மாப்பொருளாகிவிடுகிறது. கறுத்தக் கடலை, பயறு, கௌபி, சோயா ஆகியவற்றில் ஒன்றை அன்று கட்டாயம் சமையுங்கள்; பருப்பைக் கரண்டி நிற்கும் பதத்தில் வையுங்கள்; முருங்கையிலையை அந்தப் பருப்போடு சேர்த்துச் சுண்டலாம். தயிர் நல்லது, ஆனால் எருமைத் தயிரில் பசுத் தயிரைவிடக் கொழுப்பு ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதால் நான்கு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். அதன்மேல் பாணி ஊற்றினால் அது இனிப்புப் பண்டம், அதைத் தயிர்க் கணக்கில் எழுதாதீர்கள்.

தோழியின் பேச்சைக் கேட்கவேண்டாம். உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடற்றிணிவுச் சுட்டி உங்களுக்கு 28. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை என்றும் 27.5 ஐக் கடந்தால் ஆபத்து கூடுதல் என்றும் குறிப்பிட்டது. அதற்காக ஒரே மூச்சில் 23 க்கு இறங்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002 இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல வாசற்படியில் நின்றவர்களுக்கு எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. அவர்களிடம் நீரிழிவு தோன்றுவது 58 வீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெற்போமின் மாத்திரை எடுத்த குழுவில் அது 31 வீதம் மட்டுமே. உங்களுக்கு 7 வீதம் என்றால் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ இறங்கினால் தாராளம். எடைத் தராசைவிட நூல்நாடா நேர்மையானது. இடைச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. 35 வயதைக் கடந்தவர்கள் அரச மருத்துவமனைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இவற்றையெல்லாம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நடப்பதற்கு நம் ஊரில் இடத்துக்கா பஞ்சம்? கோட்டை வாசலிலிருந்து மான்களைப் பார்த்தபடி கோணேசர் கோவில் வரை ஏறி இறங்குங்கள். அது முடியாத நாட்களில், மதிய உணவின் பின் கதிரையில் சாயாமல் பத்து நிமிடம் அலுவலக வளவுக்குள் நடந்தாலே உண்டபின் ஏறும் சர்க்கரை குறையும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: ஏற்கெனவே கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைச் சட்டென்று குறைக்கக்கூடாது. மருந்தின் அளவு பழைய உணவுக்கு ஏற்றதாக இருக்கும்; சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம்.

திருக்கடலூர் வலை

மீனைப் பற்றிப் பேசும் இடத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லையே என்று எழுதுகிறேன். சத்து வேண்டும் என்று அறக்குளாவுக்கும் பாரைக்கும் காசைக் கொட்டவேண்டாம். சூடை, கீரி, நெத்தலி ஆகிய சிறுமீன்கள் மலிவு; நல்ல கொழுப்பு அவற்றிலும் நிறைய உண்டு, நெத்தலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் நம் கடல் அமைதியாக இருப்பதால் தாராளமாகக் கிடைக்கும். வாடை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் விலை ஏறும், அப்போது சனம் கருவாட்டுக்குத் தாவும். கருவாட்டில் புரதம் உண்டு, ஆனால் உப்பு மிக அதிகம். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு என்றால் ஒரு துண்டிலேயே பெரும்பங்கு போய்விடும். அந்த மாதங்களில் முட்டையும் கடலையும்தான் புத்தி.

உவர்மலை வாசகி

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எடை 66.5. காலையில் முட்டையோ கடலையோ, பெட்டியில் ஒன்றேகால் கோப்பைச் சிவப்பரிசிச் சோறு, தேநீர் மூன்று, ஒவ்வொன்றுக்கும் அரைக் கரண்டி சீனி. இரவுப் பசி பாதியாகிவிட்டதால் நான்கு இடியப்பத்தோடு எழுந்துவிடுகிறேன். மூன்று மணிக்கு இன்னும் கொட்டாவி வருகிறது, ஆனால் எழுத்துகள் மிதப்பதில்லை. ஈமோகுளோபின் 10.4 என்று வந்ததால் இரும்பு மாத்திரை தந்திருக்கிறார்கள். அதைத் தேநீரோடு விழுங்கக்கூடாது என்பது இங்கே வாசித்திராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

சோற்றுப் பாத்திரத்தை அடுப்படியில் வைக்கும் யோசனைக்கு என் கணவர் முதல் வாரம் முகம் சுளித்தார், இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மூத்தவன் மட்டும் முருங்கையிலைச் சுண்டலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைக்கிறான். அவனுக்குப் பதினான்கு வயது. கீரையை உள்ளே தள்ள வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கிண்ணியாத் தோணி

நன்றாகப் பொடியாக அரிந்து, இறாலோ நெத்தலியோ போட்டுச் சுண்டிப் பாருங்கள். என் மகன் இறாலைத் தேடும்போது கீரையும் கூடவே போய்விடுகிறது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வேறு தந்திரம் வேண்டும். அதை மரக்கறி வீட்டார் யாராவது சொல்லட்டும்.